ஐரோப்பிய நாடுகளில் மண்ணைப் பாதுகாக்கச் சட்டங்கள் மிகக் கடுமையாமே, உண்மையா?

சுற்றுலாவில் பச்சைப் புல்வெளியைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் போலிருக்கிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் சட்டங்கள் கடுமைதான். மண் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில், கோஸ்லார் பக்கம். இங்கே ராமல்ஸ்பெர்க் சுரங்கத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேல் வெள்ளி, செம்பு, ஈயம் எல்லாம் எடுத்து, 1988-ல் மூடினார்கள். இப்போது அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். தாதுவை உருக்கிய புகையில் படிந்ததும், ஓக்கர் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து போட்டதும் இன்னும் இந்த வட்டார மண்ணில்தான் கிடக்கின்றன.

வீடு வாங்கியதும் பின்பக்கம் தண்டுக்கீரை போடலாம் என்றாள் மனைவி. மண் கறுப்பாக, பொலபொலவென்று, மண்புழுவோடு இருந்தது. பரிசோதனைக்குக் கொடுத்தால் ஈயம்! இங்கே குழந்தைகள் விளையாடும் இடத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம், குடியிருப்பில் 400 தாண்டினால் மேற்கொண்டு ஆராயவேண்டும். எங்களுடையது இரண்டையும் தாண்டியிருந்தது. கீரை காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்றார்கள். மரப்பலகை அடித்து, கடையில் மூட்டை மண் வாங்கிக் கொட்டி, அதில்தான் இப்போது கீரை. பிள்ளைகள் தோட்டத்திலிருந்து வந்தால் முதலில் கைகழுவ வேண்டும்.

தோட்டத்துக் கொட்டகைக்குத் தோண்டிய மண்ணை நினைத்த இடத்தில் கொட்டவும் முடியாது.

'சோறு போடும் நாட்டைக் குறை சொல்கிறாயே' என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். ஜெர்மனியில் 1998-லேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் மாவட்டம் 2001-லிருந்து இந்தப் பகுதிக்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவும் தெரிந்தது.

ஆனால் இதே ஜெர்மனிதான் பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரியாவோடு சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் பொதுவாக 2006-ல் முன்வைக்கப்பட்ட மண் சட்டத்தைத் தடுத்தது. மண் எல்லை தாண்டிப் போவதில்லை, அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்பது வாதம். 2014-ல் அந்த வரைவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இடையில் 2011 ஏப்ரலில், வட ஜெர்மனியில் ரோஸ்டாக் நகர் அருகே காய்ந்த வயல்களிலிருந்து கிளம்பிய புழுதி நெடுஞ்சாலையை மறைத்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 8 பேர் செத்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றிய மண்ணில் 60 முதல் 70 சதவீதம் நலமாக இல்லை என்பது ஐரோப்பிய ஆணையமே சொல்லும் கணக்கு. 2025-ல் ஒருவழியாக மண் கண்காணிப்புச் சட்டம் நிறைவேறியது. நாடுகள் மண்ணை அளந்து, மாசுபட்ட இடங்களைப் பட்டியல் போட வேண்டும். 2050-க்குள் எல்லா மண்ணும் நலம் என்பது இலக்கு மட்டுமே, விவசாயிக்கு நேரடிக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஒருவேளை நீங்கள் இங்கே வீடு வாங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மாவட்ட அலுவலகத்தில் மாசுபட்ட நிலங்களின் பதிவேட்டில் அந்த மனை இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். தரகர் தானாகச் சொல்ல மாட்டார்.