வெப்பமண்டலத்தில் குளிர்காலமே இல்லையே, அங்கே மரத்தில் ஆண்டு வளையம் எப்படி விழும்?

அமேசானை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் மனாஸ் நகரப் பக்கம் ஆற்று நீர்மட்டம் ஒரே வருடத்தில் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்கும். கரையோரக் காடு மாதக்கணக்கில் தண்ணீரில்தான் நிற்கும். வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் பல மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி தொடங்கும். அந்த நிறுத்தம்தான் வளையக் கோடு.

சரி, எல்லா இடத்திலும் ஒரே அகலமா? இல்லை. ஆண்டீஸ் மலை வண்டலைச் சுமந்து வரும் கலங்கல் ஆற்றங்கரையில் வளையம் அகலம். ரியோ நீக்ரோ மாதிரி டீ நிறத் தண்ணீர் ஓடும் சத்தில்லாத கரையில் அதே இன மரத்துக்கு வளையம் ஒடுங்கிவிடும். அப்புறம் ஒரு வேடிக்கை. வறட்சி வந்தால் வளையம் மெலியும் என்றுதானே படித்திருப்போம்? இங்கே எல் நினோ வருடத்தில், அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் வருடத்தில், மழை குறைந்து வெள்ளக்காலம் சுருங்கினால் வளையம் தடிக்கிறது.