ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் மேடையில் பெரும்பாலும் தனி ஆள். ஒரு குழுவே வாசிப்பதுபோல் கேட்பது எப்படி?

காலடியில் இருக்கும் லூப் பெடல்தான் காரணம். கிட்டாரின் மரப்பலகையை உள்ளங்கையால் தட்டி ஒரு தாளம் எழுப்புவார். பெடலை மிதித்ததும் அந்தச் சில விநாடிகள் பதிவாகி, நிற்காமல் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன்மேல் கிட்டார், அதற்கும் மேல் தன் குரலையே இரண்டு மூன்று அடுக்காக ஏற்றுவார். கும்மியில் சிலர் கைதட்ட, ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டு எடுப்பார்கள் அல்லவா? இங்கே அத்தனை பேரும் அவர் ஒருவரே.

இந்தப் பழக்கத்தின் வேர் அவருடைய ஆரம்ப நாட்களில் இருக்கிறது. 1991இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பிறந்து, சஃபோக் மாவட்டத்தின் ஃபிராம்லிங்கம் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பதின்வயதிலேயே கிட்டாருடன் லண்டன் வந்து, கிடைத்த சோபாவில் படுத்துக்கொண்டு, 2009இல் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் பாடினார். கையில் காசில்லாதவர் டிரம்மருக்கும் வண்டிக்கும் எங்கே போவது? அரட்டை ஓயாத மதுக்கூடத்தில் ஒற்றைக் கிட்டார் எடுபடுவதும் கடினம். (அந்த இரைச்சல்தான் அவருக்கு நல்ல ஆசான் என்பது என் எண்ணம்.)

2011 செப்டம்பரில் முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2015இல் லண்டனின் மாபெரும் வெம்ப்ளி விளையாட்டரங்கில் மூன்று இரவுகள் பாடியபோதும் குழு இல்லை, அதே பெடல்தான்.

‘முன்பே பதிவுசெய்ததை ஓடவிடுகிறார்’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வோர் அடுக்கையும் பார்வையாளர் முன்னால் அப்போதுதான் வாசிக்கிறார், தாளம் ஒரு நொடி பிசகினால் அந்தப் பிசகும் சேர்ந்தே சுற்றும்.