முட்டிவலி அம்மாவுக்கு கார்னிவலா, ஹைகிராஸா?

கியா கார்னிவல் வாங்கலாமா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. ஏழு பேர், முட்டிவலி உள்ள அம்மா, மாசம் ஒருமுறை கோவை–சென்னைன்னா கார்னிவலையே எடுங்க. காரணம் கதவு. ஹைகிராஸ் கதவு வெளியே விரியும். பக்கத்துல வண்டி நின்னா பாதிதான் திறக்க முடியும். கார்னிவல் கதவு பின்னால நகர்ந்து முழு வாசலையும் விடும். என் மாமியார் முதல்ல உட்கார்ந்துட்டு, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவாங்க. அதுக்கு அந்த இடம் வேணும்.

ஹைகிராஸ் கடைசி வரிசையில உட்கார்ந்து பார்த்தப்போ தொடை வலிச்சதுன்னும் எழுதியிருந்தீங்க. தரைக்கும் இருக்கைக்கும் உயரம் போதலைன்னா முட்டி மேலே தூக்கிக்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. அதுவாத்தான் இருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி, நடு இருக்கையை உங்க வசதிக்கு வச்சுட்டு, கார்னிவல் கடைசி வரிசையிலயும் இருபது நிமிஷம் உட்காருங்க. பெட்டிகளையும் எடுத்துட்டுப் போய் வச்சுப் பாருங்க. கடைசி வரிசைக்குப் பின்னால பெட்டி வைக்க ஆழமான பள்ளம் இருக்கு.

ஒண்ணு மட்டும்: கார்னிவல் நீளம் 5,155 மி.மீ., ஹைகிராஸ் 4,755. அபார்ட்மென்ட் பார்க்கிங்கை டேப் வச்சு அளந்துடுங்க. ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்ளன்னா ஹைகிராஸ் ஹைப்ரிட்தான் (பெட்ரோலோட மின் மோட்டாரும் சேர்ந்தது) எரிபொருள் மிச்சம். டொயோட்டாவோட வெல்ஃபயர் வேன் சொகுசுல ஒருபடி மேலதான், ஆனா ஒரு கோடியைத் தாண்டுது.