தன் வீட்டு வலியும் நாட்டுச் சட்டமும்

கேள்வி: தன் வீட்டில் கஷ்டம் வந்தால்தான் அரசியல்வாதிக்கு ஊர்க் கஷ்டம் புரியுமா?

பதில்: பலருக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது. அமெரிக்க அரசியல்வாதி ராப் போர்ட்மன், தன்பாலினத் திருமணத்தை மத்திய அரசு ஏற்கக் கூடாது என்ற 1996 சட்டத்தை முன்மொழிந்தவர்களில் ஒருவர். 2011-இல் அவருடைய மகன் தன்னைத் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வீட்டில் சொன்னார். 2013 மார்ச்சில் போர்ட்மன் அத்திருமணத்துக்கு ஆதரவு தெரிவித்தார். மனம் மாறியது நல்லதுதான். ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் அதையே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: பட்டு அறிந்தவர் கொண்டுவரும் சட்டம் நல்லதாகத்தானே இருக்கும்?

பதில்: அக்கறை மட்டும் போதாது, ஷரத்து சரியாக அமைய வேண்டும். அமெரிக்க செனட்டர் பீட் டொமெனிசியின் மகளுக்கு மனச்சிதைவு நோய். பால் வெல்ஸ்டோனின் அண்ணனுக்கும் கடும் மனநோய். எதிரெதிர்க் கட்சிக்காரர்களான இருவரும் சேர்ந்து, உடல் நோய்க்குள்ள காப்பீடு மனநோய்க்கும் முழுமையாக வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தையில் அது தேய்ந்து, 1996 சட்டத்தில் நின்றது ஒன்றுதான்: ஆண்டுக்கு இவ்வளவு, ஆயுளுக்கு இவ்வளவு என்ற பண உச்சவரம்பு இரண்டு வகை நோய்க்கும் சமமாக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் பண வரம்பைச் சமமாக்கிவிட்டு, மருத்துவரைப் பார்க்கும் தடவைகளையும் மருத்துவமனையில் தங்கும் நாட்களையும் குறைத்தன. நோயாளி கையிலிருந்து கட்டும் பங்கையும் கூட்டின. சட்டம் இவற்றைத் தொடவே இல்லை. இந்த ஓட்டைகளை அடைக்க 2008 வரை ஆனது. வெல்ஸ்டோன் 2002-இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கேள்வி: பெண்கள் தலைமைக்கு வந்தால் முன்னுரிமைகள் மாறுமா?

பதில்: மாறுகின்றன. மேற்கு வங்கம், ராஜஸ்தான் ஊராட்சிகளை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் கூடின. சாலைப் பணி வங்கத்தில் கூடியது, ராஜஸ்தானில் குறைந்தது. அந்தந்த ஊர்ப் பெண்கள் கேட்டதும் அப்படித்தான்.

கேள்வி: இப்படிப் பட்டறிந்த அனுபவம் எதுவும் இல்லாத சட்டமன்ற உறுப்பினரிடம், ஒரு விதியை மாற்றக் கேட்டு எப்படிப் பேசுவது?

பதில்: பாதிக்கப்பட்டவரையே அழைத்துப் போங்கள். மனு ஒரு பக்கம் போதும்: எந்த விதி, எந்த உட்பிரிவு, என்ன மாற்றம், அவர் தொகுதியில் எத்தனை பேருக்குப் பயன். ஒரு நகலை உதவியாளரிடம் கொடுங்கள், கோப்பை நகர்த்துபவர் அவர்தான். பெரும்பாலும் காரியம் கெடுவது ஒரே இடத்தில்: மனம் இளகியவர் எதிரில் நிற்பவருக்கு மட்டும் நிதியுதவி செய்துவிடுவார், விதி அப்படியே கிடக்கும். அதனால், “இவருக்கு உதவி கேட்டு வரவில்லை, விதியைத் திருத்தக் கேட்கிறோம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.