சிங்கப்பூரின் பழைய தேவாலயங்களின் உள்ளே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் சிறுவயதில் குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்றுதான் பூசை வைப்பார். நாங்கள் பீடத்துக்கு முன்னால் இருந்த தடுப்புக் கிராதியில் முழங்காலிட்டு நன்மை (திவ்விய அப்பம்) வாங்குவோம். அந்தக் கிராதிகள் எங்கே போயின, ஐயா? (பிடோக் வாசகி)

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்த மாற்றம், அம்மா. பீடம் சுவரை ஒட்டாமல், சுற்றிவர இடம் விட்டு நிற்பதே நல்லது என்று 1964இல் ரோமிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. குருவானவர் மக்களை நோக்கி நிற்கத் தொடங்கினார். ஆனால் கிராதியை இடிக்கச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை. உலகெங்கும் பல பங்குக் கோவில்களில் அவசரத்தில் பெயர்த்துவிட்டார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்தான். அடுத்த முறை போகும்போது பீடத்துக்கு முன்னால் தரையைக் குனிந்து பாருங்கள். குறுக்கே ஒரு வரிசைக் கல் மட்டும் நிறம் மாறியிருந்தால், பெரும்பாலும் கிராதி நின்ற இடம் அதுதான்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் சுவரில் முட்டை கலந்திருப்பது உண்மையா? (ஈசூன் மாணவர்)

உண்மைதான், தம்பி. 1856இல் அடிக்கல் நாட்டி, 1862இல் அபிஷேகம் செய்யப்பட்ட கோவில் அது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். நம் ஊர்ப் பக்கம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை உடனே புரியும்.

எங்கள் கோவிலில் புதிதாக அடித்த பெயிண்ட் இரண்டே மழையில் கொப்புளித்துவிட்டது. சுவர் கெட்டுவிட்டதா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

சுவர் கெடவில்லை, மூச்சுமுட்டுகிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லை. கூடவே ஏறிய உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகி அதை நெட்டித் தள்ளும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். தயவுசெய்து அதன்மேல் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறும். பெயிண்டை உரித்து, சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். ஏர்கான் போட ஜன்னல் பலகைகளையும் நிரந்தரமாக அடைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் அந்தப் பலகை இடுக்குகள் வழியாக வந்த காற்றுதான் சுவரை உலர்த்தியது.

சைம்ஸ் (CHIJMES) வளாகத்தில் உள்ள பழைய சிற்றாலயத்தில் இப்போது பூசை உண்டா?

இல்லை. 1904இல் கட்டி முடித்த அந்தக் கன்னிமடத்துச் சிற்றாலயம் 1983இல் வழிபாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. இப்போது அங்கே திருமண விருந்துகள் நடக்கின்றன. ஆனாலும் போய்ப் பாருங்கள். தூண்களின் தலைப்பகுதிகளில் வெப்பமண்டலச் செடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில்தான் என் பாட்டிக்குத் திருமணம். அன்று உள்ளே எப்படி இருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தெம்பனிஸ் வாசகி)

விடை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம், அம்மா. அது 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகத் திறந்த கோவில். 1974இல்தான் எல்லா இனத்தவருக்குமான பங்கானது. எத்தனை தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில் அந்தப் பீடம் இருக்கும்! திருமணப் படத்தில் மணமக்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். சுரூபங்கள் (புனிதர் சிலைகள்) எந்த வரிசையில் நிற்கின்றன, கிராதி இருக்கிறதா, தொங்குவது விளக்கா மின்விசிறியா? பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆண்டையும் பெயர்களையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை படத்தில் ஊறிவிடும். பிறகு ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள்.