ஓரத்தை உயர்த்தினால் மட்டும் பால் நிற்காது

கேள்வி: காரின் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். பாலோ பழச்சாறோ அடிக்கடி கொட்டிவிடுகிறது. காலடியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லி விற்ற கார் மேட்டைத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் அடியிலுள்ள கார்பெட் நனைந்து நாறுகிறது. அளவெடுத்துப் புதிதாகச் செய்துதர ஒருவர் முன்வந்திருக்கிறார். ஓரத்தைச் சுற்றிலும் 5 செ.மீ. உயர்த்திவிட்டால் ஒரு சொட்டும் வெளியே போகாது என்கிறார். நம்பிச் செய்யலாமா?

பதில்: அவர் சொல்லும் வடிவத்தில் வேண்டாம். ஓரம் தேவைதான். ஆனால் கொட்டிய பாலைப் பிடித்து நிறுத்துவது ஓரத்தின் உயரத்தைவிட மேட்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த வேலை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் அந்த ‘வாட்டர்ப்ரூஃப்’. அது மேட் செய்யப்பட்ட பொருளைப் பற்றிய சொல். ரப்பரும் பிவிசியும் தண்ணீரை ஊடே விடாது, அவ்வளவுதான். விளிம்பைத் தாண்டிப் போவதற்கும் தையல் துளையில் இறங்குவதற்கும் அந்தச் சொல் பொறுப்பேற்காது. இந்த மேட் எத்தனை மில்லிலிட்டர் தாங்கும், ஓடும் காரில் தாங்குமா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சை நிறத்துக்கும் பளபளப்புக்கும் மாற்றிவிடுவார். குடிக்கும் தண்ணீர் பாட்டிலில்கூடக் கொள்ளளவு அச்சிட்டிருக்கிறது. தண்ணீரைத் தாங்குவதற்கென்றே விற்கும் மேட்டின் பெட்டியில் அந்த எண்ணைத் தேடினால் கண் வலிப்பதுதான் மிச்சம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. மேட் 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 மி.லி. பால் கொட்டினால், கார் சமதளத்தில் நிற்கும்வரை அதன் ஆழம் 1 மில்லிமீட்டர்தான். கடையில் மேட்டை மேசைமேல் விரித்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறார்களே, அந்த வித்தையின் இரகசியம் இதுதான். மேசை பிரேக் பிடிப்பதில்லை. சற்று அழுத்திப் பிரேக் பிடித்தால் காரின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் மணிக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர் குறையும். அப்போது நீர்மட்டம் 10 செ.மீ. தூரத்துக்கு 3 செ.மீ. வீதம் சாய்ந்துவிடும். மேட் முழுவதும் பரவிக் கிடந்த பால் ஒரே பக்கத்தில் குவிந்து, ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்துக்கு ஏறி நிற்கும். கொட்டியது ஒரு லிட்டர் என்றால் 3.5 செ.மீ. இதுவும் நீர் அமைதியாகச் சாய்ந்து நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. திடீர் பிரேக்கில் எழும் அலை இதையும் தாண்டும். வளைவில் திரும்பும்போது இதே கதை பக்கவாட்டில் நடக்கும்.

அப்படியானால் 5 செ.மீ. போதுமே என்பீர்கள். சுற்றிலும் 5 செ.மீ. நின்றால் போதும்தான். ஆனால் அப்படி நிற்காது! கதவுப் பக்கம் அவ்வளவு உயரம் வைத்தால் இறங்கும்போது பிள்ளைகளின் கால் தடுக்கும். அதனால் செய்பவரே அங்கே குறைத்துவிடுவார். குறைக்காவிட்டால் மிதி வாங்கி மிதி வாங்கிச் சில மாதங்களில் அது வெளிப்பக்கம் சாய்ந்து படுத்துவிடும். முன்சீட்டைப் பின்னால் தள்ளினால் அந்தப் பக்கத்து ஓரமும் நசுங்கும். மற்ற மூன்று பக்கமும் எத்தனை உயரமாக இருந்தாலும், தண்ணீர் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடித்தான் போகும்.

ஆகவே நடுப்பகுதியைச் சிறு அறைகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் அறையும் 2 செ.மீ. அகலம், அறைச் சுவர் 8 மி.மீ. உயரம். அதே பிரேக்கில் இந்தச் சின்ன அறைக்குள் நீர் ஒரு பக்கம் 3 மி.மீ. ஏறும், மறுபக்கம் 3 மி.மீ. இறங்கும். ஆகவே 5 மி.மீ. வரை நிரம்பிய அறை சிந்தாது. அதற்கு மேல் நிரம்பியது பக்கத்து அறைக்குப் போய் அங்கே தங்கும். 300 மி.லி. பால் ஏறத்தாழ ஓர் அடிச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். முழு மேட்டையும் கணக்கிட்டால், சுவர்களின் கனத்தைக் கழித்த பிறகும், ஒரு லிட்டருக்கு மேல் தாங்கும். செருப்பு சுவர்களின் மேல் நிற்பதால் பாலில் தோயாது. இதற்கு வெளியே சுற்றுவிளிம்பு 2 அல்லது 2.5 செ.மீ. இருந்தால் போதும், சற்றே உள்நோக்கிச் சாய்ந்தால் இன்னும் நல்லது. முன்னும் பின்னுமாக நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் போட்ட மேட் கடைகளில் நிறைய உண்டு. அதை வாங்காதீர்கள். பிரேக் பிடித்ததும் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓட அவை வாய்க்கால் வெட்டிக் கொடுக்கின்றன.

அடுத்து, ஓட்டைகள். ‘5டி’, ‘7டி’ என்று விற்கப்படும் தோல்போன்ற மேட்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. நாளைக்கே ‘9டி’ வந்தாலும் வியக்காதீர்கள். மேலே மெல்லிய ரெக்சின், நடுவே ஸ்பாஞ்ச், அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து அழகான சதுரத் தையல். தையல் கோட்டை நகத்தால் விரித்துப் பாருங்கள், ஒவ்வொரு தையலுக்கும் ஓர் ஊசித்துளை தெரியும். பால் அதன் வழியே இறங்கி ஸ்பாஞ்சில் தங்கும். மேலே எத்தனை துடைத்தாலும் அது அங்கேயே புளித்துக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கியது இந்த வகையாக இருந்தால் உங்கள் காரில் வரும் நாற்றத்துக்கு வேறு காரணமே தேடவேண்டாம். அறை அறையாக இருக்கும் இவிஏ (நுரைபோன்ற லேசான பிளாஸ்டிக்) மேட்டிலும் ஓரத்தை மடித்துத் தைத்திருந்தால் இதே குறைதான். ஒரே வார்ப்பாக வந்த ரப்பரோ, ரப்பர்போல வளையும் பிளாஸ்டிக்கான டிபிஇயோ வாங்குங்கள். தட்டுப்போல வார்த்த மேட்டில் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்யும்போது ஆழமான மூலைகளில்தான் கனம் குறையும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று ஒன்று விற்பார்கள். பின்பக்கத்தில் வெட்டுக்கோடுகள் இருக்கும். உங்கள் காருக்கு ஏற்றபடி கத்தரித்துக்கொள்ளச் சொல்வார்கள். கத்தரிக்கும்போது முதலில் போவதே உயர்ந்த ஓரம்தான். காசு கொடுத்து வாங்கிய விளிம்பை நாமே வெட்டிக் குப்பையில் போட வேண்டுமாம்! புதுக் கார் எடுக்கும் நாளில் ‘இதையும் சேர்த்தே போட்டுவிட்டோம்’ என்று பில்லில் ஒரு மேட் ஏற்றுவார்களே, அது இன்னொரு கூத்து. சாவி வாங்கும் மகிழ்ச்சியில் யாரும் அதைத் தூக்கிப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

பின்சீட்டுக்கு இடமும் வலமும் தனித்தனி மேட் போடுங்கள். காரின் தளத்தில் நடுவே புடைத்திருக்கும் பகுதியைத் தாண்டி வரும் ஒரே துண்டு மேட்டைப் பாலோடு வெளியே தூக்கவே முடியாது.

நீங்கள் ஓட்டுநர் பக்கத்தைக் கேட்கவில்லை. ஆனால் ‘செட்டாகச் செய்துவிடலாம்’ என்று அவர் சொல்வார் என்பதால் சொல்கிறேன். அங்கே பெடலுக்கு அடியில் உயர்ந்த ஓரம் கூடாது, ஒரு மேட்மேல் இன்னொரு மேட் கூடாது, காரிலுள்ள கொக்கியில் மேட் மாட்டியிருக்க வேண்டும். நகரும் மேட்டில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ளும் ஆபத்துக்காக 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா ஏறத்தாழ 38 லட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விட வேண்டியிருந்தது. கொக்கிக்கான துளையைச் சுற்றி வளையம்போல உயர்த்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது ஒரு வடிகால். பளபளப்புக்கு சிலிக்கான் பாலிஷ் தடவ விடாதீர்கள், பெடலில் கால் வழுக்கும்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்யாமல் புது மேட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கார்பெட்டை நனைப்பது மேலிருந்து கொட்டியதுதானா? ஏசி ஓடும்போது குளிர்ந்த பகுதியில் காற்றின் ஈரம் தண்ணீராகும், ஒரு குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பி, பெரும்பாலும் முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் கார்பெட்டுக்கு அடியில் இறங்கும். தளத்தின் சரிவைப் பொறுத்து அது பின்சீட்டு வரைக்கும் போகும். மேட்டைத் தூக்கி, கார்பெட்டில் வெள்ளைத் துணியை வைத்து அழுத்துங்கள். நிறமும் பால் வாடையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசிக் குழாயைப் பாருங்கள். புழுக்கமான நாளில் வெகுநேரம் ஏசி ஓடியும் காருக்கு அடியில் சொட்டவே இல்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. மழைக்குப் பிறகு மட்டும் நனைகிறது என்றால் கதவின் ரப்பர், கூரைக் கண்ணாடியின் வடிகால். இனிப்பு வாடையோடு பிசுபிசுத்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அன்றே மெக்கானிக்கிடம் போங்கள். இதில் எது இருந்தாலும், நீர் புகாத மேட் நோயை மூடிவைக்கும் வேலையைத்தான் செய்யும். ஈரம் மேலே ஆவியாக வழியின்றி, கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சில் பூசணம் பிடிக்கும், தகடு துருப்பிடிக்கும். பல கார்களில் ஒயர் இணைப்புகளும் அங்கேதான் போகின்றன. மேட் விற்பவர் இதை உங்களிடம் சொல்லமாட்டார். சர்வீஸிலும் நாமே கேட்காவிட்டால் பலர் கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கழுவித் துடைத்து, வாசனைத் தெளிப்பான் அடித்து அனுப்பிவிடுவார்கள். பழைய கார்பெட் முழுதாகக் காயும்வரை எந்த மேட்டையும் மேலே போடாதீர்கள்.

செய்பவரிடம் ஒரு சோதனைக்குச் சம்மதம் வாங்குங்கள். பின்பக்கத்து மேட்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, மேட்டில் 300 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்திலிருந்து நாலைந்து முறை பிரேக் பிடித்து, இரண்டு பக்கமும் திரும்பி வாருங்கள். பிறகு தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மேட்டைத் தூக்குங்கள். நிறைந்தபடியே தூக்கினால் எந்த மேட்டும் கவிழ்த்துவிடும். தாள் காய்ந்திருந்தால் முழுப் பணத்தையும் கொடுக்கலாம். சோதனையே வேண்டாம் என்கிறாரா? முன்பணத்தைக்கூடக் கொடுக்காதீர்கள்.