சிகரெட்ட விடுற கிளாஸ்க்கு ஆளே வர மாட்டேங்கறாங்களா? கஞ்சிக்கோடு நர்ஸ்கிட்ட கேளுங்க

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில நர்ஸா இருக்கேன். பாதிப் பேரு கோயமுத்தூர் பக்கம் இருந்து டெய்லி பஸ்ல வர்ற ஆளுங்க. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (வாளையார், எச்ஆர்): சிஸ்டர், நோட்டீஸ் போட்டோம், நுரையீரல் படம் ஒட்டினோம், ஒருத்தர் கூட பேர் குடுக்கல. ஏன்?

பதில்: பேர் கேட்டீங்கல்ல, அதான். கான்ட்ராக்ட்ல இருக்கறவன் அந்த லிஸ்ட் சூப்பர்வைசர் கைக்குப் போகும், அடுத்த தடவ ரினிவல்ல நம்மள கழட்டி விட்ருவாங்கன்னுதான் யோசிப்பான். படம்லாம் அவனுக்குப் புதுசா என்ன, பாக்கெட்லயே 2016ல இருந்து 85 சதவீதம் இடம் எச்சரிக்கைக்குத்தான் போகுது. லிஸ்ட் மெடிக்கல் ரூமோட நிக்கட்டும், எச்ஆர் பாக்காதுன்னு எழுதியே ஒட்டுங்க. அப்புறம் கிளாஸ ஷிஃப்ட் நேரத்துக்குள்ள வைங்க, ஷிஃப்ட் முடிஞ்சு வச்சா பஸ்ஸ விட்டுட்டு எவன் உக்காருவான்?

கேள்வி (சித்தூர்): காசு குடுத்தா சேருவாங்களா?

பதில்: சேருவாங்க, ஆனா எப்படி குடுக்கறோம்னு இருக்கு. அமெரிக்கால ஜெனரல் எலக்ட்ரிக் ஆளுங்ககிட்ட பண்ணி 2009ல வெளியிட்ட ஆய்வுல மொத்தம் 750 டாலர் பரிசு, கிளாஸ முடிச்சா கொஞ்சம், டெஸ்ட்ல விட்டது உறுதியானா மீதி. வருஷக் கடைசில பாத்தா காசு உள்ள குரூப்ல 14.7 சதவீதம் விட்டிருந்தாங்க, வெறும் தகவல் மட்டும் குடுத்த குரூப்ல 5. 2015ல வந்த இன்னொன்னு இன்னும் சுவாரசியம். சும்மா பரிசுன்னா 100க்கு 90 பேர் சரின்னாங்க, உன் கைக்காசு 150 டாலர் கட்டு, விட்டா மேல போட்டு திருப்பித் தர்றோம்னா 14 பேர் கூட வரல. கைக்காசு கட்டறதுக்கும் தயாரா இருக்கற ஆளுங்ககிட்ட அந்த முறைதான் நல்லா வேலை செஞ்சுதாம், ஆனா சேர்றதே அவ்ளோ கம்மின்னா மொத்தக் கணக்குல பரிசுதான் ஜெயிக்குது. அதனால சம்பளத்துல பிடிச்சு வெச்சுக்கறோம்னு யாராச்சும் ஐடியா சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அக்கா, ஃபைன் போட்டா பத்தாதா?

பதில்: நம்ம கேரளா ஹைகோர்ட் 1999லயே பொது இடத்துல பிடிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, 2008 அக்டோபர் 2ல இருந்து நாடு முழுக்க ஆபீஸ், ஃபேக்டரிக்குள்ளயும் தடை, 200 ரூபா வரை ஃபைன். தடை நல்லதுதான், பிடிக்கறது குறையும். ஆனா ஃபைன் மட்டும்னா கேட்டுக்கு வெளிய பொட்டிக்கடைக்கு யாவாரம், அவ்ளோதான்.

கேள்வி (வேலந்தாவளம்): சிஸ்டர், நான் பீடி. நைட் ஷிஃப்ட்ல அது இல்லன்னா கண்ணு சொக்குது. சேர்ந்து தோத்துட்டா மானம் போயிருமே?

பதில்: தோக்கறதா, முதல் தடவையே விட்டவங்க ரொம்பக் கம்மிங்ண்ணா. முதல் வாரந்தான் கடி, அப்புறம் மெதுவா குறையும். மெடிக்கல்ல 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் கிடைக்கும், மிட்டாய் மாதிரி மென்னுட்டே இருக்காம கொஞ்சம் மென்னு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். பிரஷர், ஹார்ட் பிரச்சனை இருந்தா டாக்டர கேட்டுட்டு. ஆளு முன்னாடி பேச கூச்சம்னா புகையிலைய விட உதவி பண்ற 1800-11-2356 நம்பருக்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது. ஒரே லைன்ல வேலை செய்யற ரெண்டு பேரா சேந்து வந்தீங்கன்னா இன்னும் நல்லது, பிரேக்ல தனியா நிக்க வேண்டியதில்ல.

கேள்வி (கோபாலபுரம்): சிகரெட்டே பிடிக்காத எங்களுக்கு என்ன லாபம்?

பதில்: ஹாஹா நியாயந்தான். ஜப்பான்ல ஒரு கம்பெனி 2017ல பிடிக்காதவங்களுக்கு வருஷம் 6 நாள் கூடுதல் லீவு குடுத்துச்சு. உங்க முதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க.

கேள்வி (வாளையார், அதே எச்ஆர்): எந்த மாசம் ஆரம்பிச்சா ஆள் வரும்?

பதில்: கார்த்திகை ஒன்னாந்தேதி மாலை போடறாங்கல்ல, யாரும் சொல்லாமயே 41 நாள் விரதத்துக்கு சிகரெட்ட தொடாதவங்க எத்தன பேரு! உடம்பு கேக்கற கஷ்டமான காலத்த அவங்க ஏற்கனவே தாண்டிட்டாங்க, ஆனா மாலைய கழட்டின அன்னைக்கே டீயோட ஒன்னு பத்த வெச்சா போச்சு. அதனால கிளாஸ மாலை கழட்டுற வாரத்துல வைங்க, நோன்பு இருக்கற பசங்களுக்கு பெருநாள் முடிஞ்ச உடனே. கம்பெனி பரிசு கணக்கும் அந்த தேதில இருந்தே ஓடட்டும்.